அக்கா எனக்கு மனு போடுகிறேன் என்கிறாள், எங்கிருந்து ஆரம்பிப்பது?

உசிலைப்புழுதி:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 41, மதுரை கே.புதூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன், சொந்த ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கூடப் பிறந்தது ஒரே அக்கா. கல்யாணமாகி நியூஜெர்சி போனவள், போன மாதம் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாள். வாங்கிய அன்றைக்கே ஃபோன் போட்டு, "உனக்கும் மனு போடுறேன், அம்மாவுக்கும் போடுறேன், பேப்பரெல்லாம் எடுத்து வை" என்று உத்தரவு. எனக்கு ஒரு மகள் 12 வயது, ஒரு மகன் 8 வயது. அப்பா இல்லை, அம்மா என்னோடுதான் இருக்கிறாள், 68 வயது.

இங்கே ஒரு ஏஜென்டைப் போய்ப் பார்த்தேன். ஒன்றரை லட்சம் கொடுத்தால் ஐந்து வருடத்தில் குடும்பத்தோடு கிரீன் கார்டு வாங்கித் தருகிறேன் என்கிறார். அக்காவோ எதற்குப் பணம், நானே போட்டுவிடுவேன் என்கிறாள். என்னிடம் பிறப்புச் சான்றிதழ்கூடக் கிடையாது, வீட்டில் பிறந்தவன். முதலில் எந்த அலுவலகத்துக்குப் போவது, எந்தப் பேப்பரை எடுப்பது, இது உண்மையிலேயே எத்தனை வருடம் ஆகும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எடிசன் மதுரைக்காரி:
தம்பி, முதலில் அந்த ஒன்றரை லட்சத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மனு போட வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் அக்கா. படிவத்தின் பெயர் ஐ-130. அவர் அங்கே ஆன்லைனில் ஒரு கணக்கு திறந்து போட்டால் 625 டாலர், காகிதத்தில் அனுப்பினால் 675. நம் பணத்துக்கு ஐம்பதாயிரத்துச் சொச்சம். உங்களுக்கு ஒரே மனுதான், உங்கள் மனைவி, பிள்ளைகளின் பெயரை அதற்குள்ளேயே எழுதிவிடலாம், தலைக்குத் தலை பணம் கிடையாது. நான் என் அண்ணனுக்குப் போட்டபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து முடித்தேன். சோறு வடிக்கிற நேரம்தான் பிடித்தது, பேப்பர்கள் கையில் இருந்ததால்.

அடுத்து அந்த ஐந்து வருடக் கதை. உடன்பிறந்தவர்களுக்கான பிரிவை எஃப்4 என்பார்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 65,000 விசாதான், மனைவி மக்களையும் சேர்த்து எண்ணுகிற கணக்கு அது. அதிலும் ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மாதாமாதம் அவர்கள் வெளியுறவுத் துறை விசா புல்லட்டின் என்று ஒன்று போடும், எந்தத் தேதிக்கு முன்னால் மனு போட்டவர்கள் இப்போது வரலாம் என்று. நான் இதை எழுதும்போது இந்தியாவின் எஃப்4 வரிசை 2006-ல் நிற்கிறது. 2006-ல் போட்டவர்களைத்தான் இப்போது கூப்பிடுகிறார்கள். உங்கள் மனு போய்ச் சேரும் நாள்தான் உங்கள் பிரையாரிட்டி டேட், வரிசையில் உங்கள் இடம் அது. பணம் கொடுத்து யாரும் அதை முன்னே நகர்த்த முடியாது. சில வேலை மனுக்களுக்குக் கூடுதல் பணம் கட்டி வேகப்படுத்தும் வசதி உண்டு, ஐ-130க்கு அது கிடையவே கிடையாது. ஏஜென்டிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறதென்று.

இன்னொன்று, அக்கா கிரீன் கார்டோடு இருந்தபோது உங்களுக்குப் போட்டிருக்கவே முடியாது. உடன்பிறந்தவருக்குப் போட குடியுரிமை வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதனால் காலத்தை வீணாக்கிவிட்டோமோ என்ற கவலை வேண்டாம்.

ஒன்பது மணி வண்டி:
41ம் 20ம் 61. அறுபத்தொரு வயதில் அங்கே போய் எந்த மோட்டாருக்குக் காயில் கட்டப் போகிறீர்கள் அண்ணே? அங்கே ஓய்வூதியம் வேண்டுமென்றால் பத்து வருடம் வேலை பார்த்து வரி கட்டியிருக்க வேண்டும். விடுங்கள், புதூரில் கடையைப் பெரிதாக்குங்கள்.

உசிலைப்புழுதி:
இருபது வருடமா! அக்காவுக்கே இது தெரியாது போலிருக்கிறது. அவள் இரண்டு மூன்று வருடம் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ரயில்வே காலனி:
நான் அந்த 2006 கோஷ்டி. எங்கள் அண்ணன் எனக்கு 2006 ஜனவரியில் போட்டார். நடந்ததை அப்படியே சொல்கிறேன், பிள்ளை வைத்திருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள்.

மனு ஒரு வருடம் பத்து மாதத்தில் அப்ரூவ் ஆகிவிட்டது. அன்றைக்கு வீட்டில் லட்டு பிடித்துத் தெரு முழுக்கக் கொடுத்தோம். அதுதான் எங்களுக்கு வினை என்று 2024-ல்தான் தெரிந்தது. என் மகள் 1999-ல் பிறந்தவள், மகன் 2006 கடைசியில். வரிசை எங்கள் தேதிக்கு வந்தபோது மகளுக்கு 25. பெற்றோரோடு சேர்ந்து போக 21 வயதுக்குள் இருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது. ஆனால் 2002-ல் வந்த ஒரு சட்டம் ஒரு சலுகை தருகிறது. மனு அவர்கள் மேசையில் முடிவாகாமல் கிடந்த காலத்தை, பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். எங்கள் மனு கிடந்தது ஒரு வருடம் பத்து மாதம்தான், கழித்தால் 23 சொச்சம், போச்சு. எங்களோடு அதே மாதம் போட்ட ஒருவருக்கு மனு ஆறு வருடம் தூசி படிந்து கிடந்தது, அவர் புலம்பிக்கொண்டே இருப்பார். அவருடைய பெண்ணுக்கும் இதே வயதுதான், ஆறைக் கழித்து 19 ஆகி, குடும்பத்தோடு ஏறிவிட்டாள். சீக்கிரம் முடிந்ததால் கெட்டவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

மகன், மனைவி, எனக்கு விசா வந்தது. மகளுக்கு இல்லை. மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். நான் அங்கே போய் கிரீன் கார்டுக்காரனாக அவளுக்குத் தனியாகப் போடலாம், அதற்கு எட்டு ஒன்பது வருடம் ஆகுமாம், அதுவரை அவள் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாதாம். 26 வயதுப் பெண்ணிடம் எந்த வாயால் இதைச் சொல்வது? மனைவி ஒரு வாரம் பேசவே இல்லை. கடைசியில் மூவரும் போனோம், மகனை அங்கே கல்லூரியில் சேர்த்தோம், நான் திரும்பி வந்துவிட்டேன், மனைவி அங்கே. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், வேண்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

எடிசன் மதுரைக்காரி:
அண்ணே, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. இப்போது எஃப்4 மனுக்களை அவர்கள் அவசரப்பட்டுத் தொடுவதில்லை, வருடக்கணக்கில் கிடக்கின்றன, பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. உசிலைத் தம்பி, உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருபது வருடம் கழித்து மகளுக்கு 32, மகனுக்கு 28. மனு ஒன்பது வருடம் கிடந்தால் மகள் 23, மகன் 19. பையன் தப்பிப்பான், அதுவும் 28 வயதில் கல்யாணமாகாமல் இருந்தால். வரிசை இன்னும் மெதுவாக நகர்ந்தால் இந்தக் கணக்கும் போச்சு. பிள்ளைகளை நினைத்துத்தான் இதைச் செய்கிறீர்கள் என்றால் இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

குறுக்குச்சந்து:
ஏன் இவ்வளவு சுற்றுகிறீர்கள், நேர்வழி ஒன்று இருக்கிறதே. அக்கா அம்மாவுக்குப் போடட்டும். பெற்றோருக்கு வரிசையே கிடையாது, ஒன்றரை இரண்டு வருடத்தில் அம்மா அங்கே. பிறகு அம்மா மகனுக்குப் போட வேண்டியதுதான். அம்மா, பிள்ளை உறவு அக்கா, தம்பி உறவைவிடக் கிட்டத்து உறவுதானே.

எடிசன் மதுரைக்காரி:
இந்த யோசனை எல்லா வீட்டிலும் வரும், எங்கள் வீட்டிலும் வந்தது. பென்சிலை எடுங்கள். அம்மா கிரீன் கார்டோடு இருக்கும்வரை கல்யாணமாகாத பிள்ளைக்குத்தான் போட முடியும், தம்பிக்குக் கல்யாணமாகிவிட்டது, முடியாது. அம்மா குடியுரிமை வாங்க வேண்டும், அதற்கு ஐந்து வருடம், அதில் பாதிக்கு மேல் உடம்பால் அங்கேயே இருக்க வேண்டும். அப்புறம் ஆங்கிலத்திலும் அவர்கள் சரித்திரத்திலும் பரீட்சை. வயதானவர்களுக்கு மொழிச் சலுகை உண்டு, ஆனால் அது கிரீன் கார்டோடு பதினைந்து, இருபது வருடம் இருந்தவர்களுக்கு. இதெல்லாம் தாண்டி 75, 76 வயதில் அம்மா குடியுரிமை வாங்கி, கல்யாணமான மகனுக்கு எஃப்3-ல் போட்டால், அந்த வரிசை இன்று 2011-ல் நிற்கிறது. ஏழும் பதினாலும் இருபத்தொன்று. சுற்றிப் போனாலும் அதே மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுதான்.

கோச்சடைத் தாத்தா:
தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதினீர்களே, அதற்காகத்தான் வந்தேன். நானும் என் மனைவியும் 2016-ல் மகன் மூலமாக கிரீன் கார்டு வாங்கினோம். தாய்க்கு ஒரு மனு, தகப்பனுக்கு ஒரு மனு, தனித்தனி. எல்லாம் சுலபமாக முடிந்தது, அதுவே எங்களை ஏமாற்றியது. வாங்கின பிறகுதான், அது ஊர் பார்த்துவிட்டு வரும் சீட்டு இல்லை, அங்கே குடியிருக்கிறேன் என்று எழுதிக்கொடுத்த சீட்டு என்று புரிந்தது.

மகன் வேலைக்குப் போனால் நாங்கள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மருத்துவமனைக்குப் போக இன்சூரன்ஸ் வேண்டும், முதியவர்களுக்கான அவர்கள் அரசாங்க மெடிகேரைக் காசு கொடுத்து வாங்கவே ஐந்து வருடம் அங்கே குடியிருக்க வேண்டும். நான் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், என் பென்ஷன், அண்ணாநகர் வீட்டு வாடகை, தபால் நிலைய வட்டி எல்லாவற்றையும் அமெரிக்க வரிக் கணக்கில் காட்ட வேண்டும், கிரீன் கார்டு வைத்திருந்தால் உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் காட்ட வேண்டும். இங்கே இருக்கும் பேங்க் கணக்குகள் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அதற்குத் தனியாக ஒரு அறிக்கை. வங்கிப் பாஸ்புக்கை எல்லாம் மகன் படம் எடுத்து அனுப்பச் சொல்வான், எனக்கு அவமானமாக இருக்கும்.

சித்திரை வந்தால் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. அழகர் ஆற்றில் இறங்குவதை ஃபோனில் பார்ப்பதெல்லாம் ஒரு பார்வையா? ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று ஓட்டினோம். 2019-ல் அவளுக்கு முட்டி ஆபரேஷன், அப்படி இப்படி என்று பதினான்கு மாதம் இங்கேயே தங்கிவிட்டோம். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அட்டையை வைத்துத் திரும்ப நுழைய முடியாது. முன்கூட்டியே அங்கே இருக்கும்போது விண்ணப்பித்து, திரும்பி வரும் அனுமதி ஒன்று வாங்கியிருந்தால் இரண்டு வருடம் வரை தாங்கியிருக்கும், அதை யாரும் சொல்லவில்லை. கடைசியில் அட்டையை ஐ-407 என்ற படிவத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டோம். இப்போது டூரிஸ்ட் விசாவில் போய் பேரனைப் பார்த்துவிட்டு வருகிறோம். நிம்மதியாக இருக்கிறது.

உங்கள் அம்மா அங்கே வாழப் போகிறாரா, பார்த்துவிட்டு வரப் போகிறாரா? அவரிடமே கேளுங்கள். உங்கள் அக்காவிடம் கேட்காதீர்கள்.

டொராண்டோ தெற்குமாசி:
கனடாவில் இதற்காகவே பெற்றோருக்கு சூப்பர் விசா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஒரு முறை வந்தால் ஐந்து வருடம்வரை தங்கலாம், இன்சூரன்ஸ் கட்டாயம். அமெரிக்காவில் அப்படி ஒன்று இல்லை. சம்பந்தமில்லாமல் சொல்கிறேன் என்றால் மன்னிக்கவும், ஊர்க்காரர்களைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

உசிலைப்புழுதி:
தாத்தா, கேட்டேன். "அங்க வந்து என்ன செய்ய, பேசக்கூட ஆள் இருக்காது, எனக்கு வேண்டாம், ஒரு தடவை பார்த்துட்டு வாரேன்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அக்காவுக்குத்தான் கோபம். எனக்கு மட்டும் மனு போடச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கிடைத்தால் கிடைக்கட்டும். ஆனால் என் பெயரில் மனு இருந்தால் எனக்கு டூரிஸ்ட் விசா கிடைக்காது என்று ஏஜென்ட் பயமுறுத்துகிறார், உண்மையா?

ஒன்பது மணி வண்டி:
உண்மைதான். என் சிநேகிதனுக்கு அதனால்தான் மறுத்தார்கள்.

எடிசன் மதுரைக்காரி:
அதனால்தான் மறுத்தார்கள் என்று உங்கள் சிநேகிதனுக்கு யார் சொன்னது? டூரிஸ்ட் விசா விண்ணப்பத்தில் உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது, ஆம் என்றுதான் எழுத வேண்டும். இல்லை என்று எழுதிப் பிடிபட்டால் பொய் சொன்னதற்காக ஆயுளுக்கும் கதவு சாத்திவிடுவார்கள். ஆம் என்று எழுதியும் என் அண்ணனுக்கு விசா கிடைத்தது. திரும்பி வருவாரா என்பதுதான் அதிகாரியின் கவலை, கடை, வீடு, பிள்ளைகள் இங்கே இருப்பது உதவும். மனு கொஞ்சம் கூடுதல் சந்தேகத்தைத் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒன்பது மணி அண்ணன் முழுத் தப்பு இல்லை, அரைத் தப்பு. மனு இருக்கிறதே என்று போய் அக்கா வீட்டிலேயே தங்கிவிடலாம் என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள், மனு தங்குவதற்கான உரிமை எதையும் தராது.

மேலூர்க்காரி:
கல்யாணம் பற்றி மேலே ஒருவர் சொன்னாரே, அந்தக் கூத்து எனக்கு நடந்தது. என் அண்ணன் சிட்டிசன், அப்பா அவன் மூலமாக கிரீன் கார்டு வாங்கி 2012-ல் எனக்குப் போட்டார், அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. 2015-ல் எங்கள் ஊர் மண்டபத்தில் அமோகமாகக் கல்யாணம். அப்பாவும் அங்கிருந்து வந்து தாலி எடுத்துக் கொடுத்தார். அந்த நிமிடமே மனு செத்துவிட்டது, யாருக்கும் தெரியாது. 2019-ல் கடிதம் வந்து ஆசை ஆசையாகத் திறந்து, கல்யாணச் சான்றிதழை அனுப்பியதும்தான் விஷயம் புரிந்தது. அப்பா எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் குடியுரிமை வாங்கியிருந்தால் மனு கல்யாணமான பிள்ளைக்கான பிரிவுக்கு மாறி உயிரோடு இருந்திருக்கும்.

அதைவிடக் கடுப்பு என்னவென்றால், அண்ணன் 2012-லேயே எனக்கு எஃப்4-ல் இன்னொரு மனு போட்டிருக்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டு பேர் இரண்டு பிரிவில் போடத் தடையே இல்லை. அப்பாதான் போட்டாச்சே, எதற்கு வீண் செலவு என்று விட்டுவிட்டோம். 2020-ல் போட்டான். எட்டு வருடம் அநியாயமாகப் போனது.

பத்திரம் எழுதுறவன்:
நான் மதுரைப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் முப்பது வருடமாக மேசை போட்டிருப்பவன். வெளிநாட்டுக் கேஸ் மாதத்துக்கு இரண்டாவது வரும். அமெரிக்கச் சட்டம் எனக்குத் தெரியாது, நம் பேப்பர் தெரியும்.

தம்பி, அக்கா தம்பி என்று நிரூபிக்க என்ன வேண்டும்? இரண்டு பேர் பிறப்புச் சான்றிலும் ஒரே தாய், ஒரே தகப்பன் என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுதான் நம் ஊரில் இமயமலை. ஒன்றில் அம்மா பெயருக்குப் பின்னால் 'அம்மாள்' இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒன்றில் தகப்பனார் பெயர் முழுதாக, இன்னொன்றில் கூப்பிடுகிற பெயர். நமக்கு ஒரே ஆள், வெள்ளைக்காரனுக்கு இரண்டு பேர்.

உங்கள் அக்கா எங்கே பிறந்தார்? ஆஸ்பத்திரியில் என்றால் மாநகராட்சியில் பதிவு இருக்கும். நீங்கள் கிராமத்தில் வீட்டில் பிறந்தவர், ஆனால் சான்றிதழ் இல்லை என்பதாலேயே பதிவு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். முக்கால்வாசிப் பேர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். கிராமப் பிறப்புப் பதிவேடு உங்கள் பகுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும், வருடம் சொல்லித் தேடச் சொல்லி மனு கொடுங்கள். முன்னே பின்னே இரண்டு வருடமும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். பெயர் இல்லாமல் வெறும் 'ஆண் குழந்தை' என்று இருக்கும், தாய் தகப்பன் பெயரையும் ஊரையும் வைத்துப் பார்க்க வேண்டும். நிஜமாகவே இல்லையென்றால் பதிவில் இல்லை என்று ஒரு சான்று தருவார்கள், அதுவும் உங்களுக்குத் தேவையான பேப்பர்தான். அதோடு பள்ளிச் சான்று, அப்புறம் நீங்கள் பிறந்ததை நேரில் அறிந்த பெரியவர்கள் இருவரின் உறுதிமொழிப் பத்திரம்.

இதில்தான் அவசரம் இருக்கிறது. வரிசை இருபது வருடம் என்கிறீர்கள். இருபது வருடம் கழித்து உறுதிமொழி கொடுக்க யார் இருப்பார்கள்? அம்மா இருக்கும்போதே, அவர் தெளிவாகக் கையெழுத்துப் போடும்போதே எழுதி நோட்டரி செய்து வைத்துவிடுங்கள். எங்கே பிறந்தது, யார் பிரசவம் பார்த்தது, இரண்டு பிள்ளையும் என் வயிற்றில் பிறந்தவை, என் பெயர் இந்த இந்த ஆவணத்தில் இப்படி இப்படி இருக்கிறது, எல்லாம் நான்தான் என்று. மனு போட ஐம்பதாயிரம் இருந்தால் போதும் என்கிறார்கள், உங்கள் அம்மாவின் சாட்சிக்கு விலை கிடையாது.

இப்போது புதிதாகப் பிறப்பைப் பதிகிறேன் என்று இறங்காதீர்கள். ஒரு வருடம் தாண்டிய பிறப்புக்கு ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், வாங்கலாம், ஆனால் நாற்பது வயதுக்காரனுக்குப் போன மாதம் பதிந்த பிறப்புச் சான்று என்றால் அமெரிக்க விசா அதிகாரி புருவத்தைத் தூக்குவார். பழைய பேப்பர்தான் பேசும். மொழிபெயர்ப்புக்கு ஆயிரக்கணக்கில் அழாதீர்கள், இரண்டு மொழியும் தெரிந்தவர் மொழிபெயர்த்து, சரியாக முழுதாக மொழிபெயர்த்தேன், எனக்குத் தகுதி உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எனக்கு வரும் கேஸ்களில் பார்த்திருக்கிறேன்.

எடிசன் மதுரைக்காரி:
ஐயா சொன்னது அத்தனையும் உண்மை. இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்கிறேன். அக்காவின் இன்றைய பெயரும் பிறப்புச் சான்றில் இருக்கும் பெயரும் ஒன்றா? கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெயரை ஒட்டியிருப்பார், அப்பாவின் இனிஷியல் காணாமல் போயிருக்கும். பாலமாக அவருடைய கல்யாணச் சான்றையும் சேர்த்துப் போட வேண்டும். உங்கள் கல்யாணம் பதிவாகி இருக்கிறதா? தமிழ்நாட்டில் 2009 சட்டத்துக்குப் பிறகு எல்லாக் கல்யாணத்தையும் பதிய வேண்டும், திருப்பரங்குன்றத்தில் நடந்தது, கோயில் ரசீது இருக்கிறது என்பதெல்லாம் போதாது.

பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் இப்போதே சரி செய்யுங்கள். காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முன்பெயர் இடத்தில் எஃப்என்யு என்று விழும், பெயர் தெரியாதவர் என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் மூன்று வருடம் லைசென்ஸில் மிஸ்டர் எஃப்என்யு ஆகத் திரிந்தார். இப்போது சிரிக்கிறோம்.

ரயில்வே காலனி:
முகவரியை மறந்துவிட்டீர்களே. இருபது வருடத்தில் அக்கா நாலு வீடு மாறுவார். ஒவ்வொரு முறையும் அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். முறை வந்தபின் விசா மையத்திலிருந்து கூப்பிடுவார்கள், ஒரு வருடத்துக்குள் பதில் போடாவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம். எங்களுக்கு மயிரிழையில் தப்பியது, கடிதம் அண்ணனின் பழைய வீட்டுக்குப் போய், அங்கே குடியிருந்த பாகிஸ்தான்காரர் நல்லவர், தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். மற்றதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம், அக்கா வருமானம் காட்டி உங்களைத் தாங்குவேன் என்று எழுதித் தருவது, போலீஸ் சான்று, சென்னையில் மெடிக்கல், மும்பையில் நேர்காணல். நாங்கள் மெடிக்கலுக்குப் பாண்டியன் ரயிலில் போய்விட்டு மறுநாள் பாண்டியனிலேயே திரும்பினோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். எங்களுக்கு 2011-ல் ஊமச்சிகுளம் பக்கம் ஒரு மனை வந்தது, கையில் பணமும் இருந்தது. நாம்தான் அமெரிக்கா போகப் போகிறோமே என்று வாங்கவில்லை. வாடகை வீட்டிலேயே இருந்தோம். மகனை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நல்ல பள்ளிக்கு மாற்றவில்லை. பீரோவில் அந்த ரசீதை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் பெட்டி கட்டாத பிரயாணி மாதிரி உட்கார்ந்திருந்தோம். இன்றைக்கு அந்த மனை என்ன விலை என்று நான் கேட்பதே இல்லை.

உசிலைப்புழுதி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், அலைச்சல்.

பத்திர ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன், 1984 பதிவேட்டில் நான் இருக்கிறேன்! பெயர் இல்லை, 'ஆண்' என்று மட்டும், ஆனால் அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் எல்லாம் சரி. வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்து அந்த நகலை நாலு தடவை பார்த்தேன். ஒரே ஒரு இடி. பதிவேட்டில் நான் பிறந்தது அக்டோபர். பள்ளிச் சான்றில், பாஸ்போர்ட்டில், ஆதாரில் எல்லாம் ஜூன் 1. அம்மாவிடம் கேட்டால் சிரிக்கிறாள். ஸ்கூலில் சேர்க்கப் போனபோது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொன்னார்களாம், தொட்டுவிட்டேனாம், வயது பத்தவில்லை என்றதும் வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுக்கொண்டாராம். நாற்பது வருடமாக வாத்தியார் போட்ட பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

பத்திரம் எழுதுறவன்:
இதற்கெல்லாம் இடி என்று சொல்லாதீர்கள், எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான் பிறந்தநாள். எதையும் திருத்தாதீர்கள், எதையும் மறைக்காதீர்கள். இரண்டையும் கொடுத்து, ஏன் வித்தியாசம் என்பதை அம்மாவின் பத்திரத்தில் அவர் வாயாலேயே எழுதுங்கள். காதைத் தொட்ட கதை உட்பட.

உசிலைப்புழுதி:
அப்படியே செய்தாயிற்று ஐயா. அம்மா கையெழுத்துப் போட முன்னால் முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள், யார் பிரசவம் பார்த்தது என்ற இடத்தில் நான் எழுதியிருந்த பெயர் தப்பு, அது இன்னொரு பாட்டியாம், திருத்தி மறுபடி அச்செடுத்தோம். அக்கா போன ஞாயிறு மனுவைப் போட்டுவிட்டாள், 625 டாலர், ரசீதும் வந்துவிட்டது. அம்மாவுக்குப் போடவில்லை, டூரிஸ்ட் விசாவுக்குப் பார்க்கிறோம். கடைக்குப் பக்கத்துக் கடை காலியாகிறது, அட்வான்ஸ் கொடுத்து எடுத்துவிட்டேன். ரயில்வே அண்ணனை நினைத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

பத்திரம் எழுதுறவன்:
சந்தோஷம். ரசீதில் உங்கள் பெயர் எழுத்தைப் பாஸ்போர்ட்டோடு வைத்துச் சரிபார்த்தீர்களா?

உசிலைப்புழுதி:
இப்போதுதான் பார்த்தேன் ஐயா. ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. அக்கா அங்கே அவர்கள் உதவி எண்ணில் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், நாற்பது நிமிடமாக ஏதோ பாட்டு ஓடுகிறதாம்.